பத்துக்குப் பத்து வாங்கிய கைதி

சிறைக்கு வந்த முதல் நாளே திருந்திவிடுவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது தராசுக்காரருக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது.

தராசுக்காரர் என்றால் தராசு விற்பவர் அல்ல. கடைத் தராசுகளைக் கழற்றித் துடைத்து, முள் நடுவில் நிற்கும்படி சரிசெய்து கொடுப்பவர். ஒரு மொத்த வியாபாரி, கிலோவுக்கு நூறு கிராம் தன் பக்கம் சாய்த்துத் தரச் சொன்னார். இவர் முடியாது என்றார். பேச்சு தடித்தது. வியாபாரி இவருடைய அப்பாவை வம்புக்கு இழுத்தார். இவர் கையில் அப்போது ஐந்து கிலோ எடைக்கல் இருந்தது. வியாபாரி பிழைத்துக்கொண்டார், ஒரு காது மட்டும் கேட்பதில்லை. எடைக்கல்லை ஆய்வுக்கு அனுப்பி, அது ஐந்து கிலோவுக்கு ஒரு கிராம்கூடக் குறையவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, நீதிமன்றம் ஏழு வருடம் போட்டது.

உள்ளே வந்த அன்று பதிவு எழுத்தர், “செஞ்ச தப்பை உணர்றியா?” என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். மற்றவர்கள் எழுத்தரின் பரம்பரையையே திட்டினார்கள். இவர் உடைந்துபோய் அழுதார்.

“உணர்றேன் சார். அந்த மனுஷனுக்குக் காது போச்சு. கல்லைக் கீழ வச்சுட்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.”

அது சாப்பாட்டு நேரம். எழுத்தருக்கு மனமும் இளகியது, பசியும் எடுத்தது. ‘திருந்தும் மனப்பான்மை – தொடக்க நிலை’ என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து என்று எழுதிவிட்டு எழுந்து போனார். அந்த ஒரு பத்துதான் பின்னால் பாம்பாகப் படமெடுத்து ஆடியது.

ஐந்து வருடம் முடிந்தவர்களுக்கு வெளிவேலைத் திட்டம் என்று ஒன்று உண்டு. காலை எட்டு மணிக்கு வெளியே போய் ஒரு பட்டறையிலோ கடையிலோ வேலை செய்துவிட்டு, மாலை ஐந்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். தராசுக்காரருடைய மனைவியின் அண்ணன் ஒரு தராசுப் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தராசுக்காரரின் மகள் மூன்றாம் வகுப்பு படித்தாள்.

அவர் உள்ளே வந்தபோது அவளுக்கு மூன்று வயது. அப்போதிலிருந்து மாதம் ஒருமுறை, பதினைந்து நிமிடம், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அப்பாவைப் பார்க்கிறாள். பள்ளியில் குடும்பத்தை வரையச் சொன்னார்களாம். அம்மாவை ஒழுங்காக வரைந்தவள், அப்பாவை மட்டும் கணக்கு நோட்டுப் போலக் கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறாள். இதை அவர் மனைவி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேட்டவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

“மாசக் கடைசி வரைக்கும் உங்க எடத்தை வச்சிருப்பேன் மாப்ளே,” என்றார் மச்சான். “அதுக்கு மேல என் கூட்டாளி கேக்க மாட்டான். வேற ஆளைப் போட்டுருவான்.”

“அதுக்குள்ள வந்துருவேன் மச்சான். என் மேல ஒரு புகார் கிடையாது.”

புகார் இல்லைதான். வினையே அதில்தான் இருந்தது.

வெளிவேலைக்கு யாரை அனுப்பலாம் என்று முடிவு செய்வது மறுவாழ்வுத் தகுதி ஆய்வுக் குழு. அதன் தலைவர் அதற்கு முன் முப்பது வருடம் சாலைத் துறையில் இருந்தவர். சாலையைச் செப்பனிட்ட கை மனிதனைச் செப்பனிடாதா என்று மேலிடம் நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் மனநல ஆலோசகர் அம்மா. யார் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “ம்ம்ம்... அப்புறம்?” என்று கேட்பதில் அவர் பட்டம் பெற்றவர்.

தலைவர் ஃபைலைப் புரட்டினார். முகம் சுருங்கியது.

“அஞ்சு வருஷம் முன்னாடி பத்து. இன்னிக்கும் பத்து. வித்தியாசம் பூஜ்யம்.” கண்ணாடியைக் கழற்றினார். “அஞ்சு வருஷமா என்னய்யா பண்ணிட்டிருந்த?”

“ஒழுங்கா இருந்தேன் சார்.”

“அதான் கேக்கறேன். முன்னேற்றமே இல்லையே! வந்த மாதிரியே இருக்கியே!”

“வந்தப்பவே நல்லா இருந்தேன்னுதானே சார் பத்து போட்டாங்க?”

“இதோ பாரு. இந்தக் குழு எதுக்கு இருக்கு? திருத்தறதுக்கு. ஒருத்தன் எங்க உதவி இல்லாம, தானா, முதல் நாளே திருந்திட்டான்னா அது எங்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம்? குழியே இல்லாத ரோட்டுக்கு நான் எப்படிய்யா தார் போடறது?”

“ம்ம்ம்... அப்புறம்?” என்றார் ஆலோசகர் அம்மா.

அப்புறம் ஒன்றுமில்லை. ‘முன்னேற்றம் காணப்படவில்லை, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.’

அடுத்து உள்ளே போனவர் தராசுக்காரரின் அறைத்தோழர். பெயர் சைக்கிள், தொழிலும் அதுதான். வந்த முதல் நாளே ஒரு வார்டரின் தோளைக் கடித்து வைத்ததால் அவருடைய தொடக்க நிலை பூஜ்யம். இப்போது யாரையும் கடிப்பதில்லை என்பதால் ஆறு. ஆறு மதிப்பெண் முன்னேற்றம்! தலைவர் எழுந்து நின்று கை கொடுத்தார். மறுநாளே சைக்கிள் வெளிவேலைக்குப் போனார். போகும்போது நடந்து போனவர், மாலையில் வரும்போது சைக்கிளில் வந்தார். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டதால் ‘நேரம் தவறாமை’ என்று இன்னும் ஒரு மதிப்பெண் சேர்ந்தது.

தராசுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டடி அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். மாதம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது. அவர் நடப்பதைப் பார்த்துப் பார்த்துத் தலைசுற்றிய வார்டர் கம்பியருகே வந்து குரலைத் தாழ்த்தினார். முன்பு சைக்கிளிடம் கடிபட்டவர் இவர்தான். ஆனாலும் நல்ல மனிதர்.

“நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் கெட்டுப் போங்க.”

“என்னது?”

“ரொம்ப வேணாம். ஒரு ரெண்டு மூணு மார்க் கொறையற அளவுக்கு. அப்புறம் திருந்திருங்க. நடுவுல இருக்கற வித்தியாசம் உங்க கணக்குல ஏறிடும். நானும் எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். நல்லவன் இங்கருந்து சீக்கிரம் வெளிய போனதா சரித்திரமே இல்ல.”

கெட்டுப் போவது சுலபம் என்று ஊரில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் முயன்று பார்த்ததில்லை.

முதலில் காலை மணியடித்தும் எழுந்திருக்காமல் படுத்துக்கிடந்தார். டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்து, ஐந்து வருடமாக ஒருநாள் தவறாமல் எழுந்த உடம்புக்கு ஓய்வு தேவை என்று மூன்று நாள் படுக்கை எழுதிக் கொடுத்தார். பதினெட்டில் மூன்று போயிற்று.

அடுத்து, எல்லோர் முன்னாலும் சிறைக் கண்காணிப்பாளரை எதிர்த்துப் பேசுவது என்று முடிவு செய்தார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரிந்த ஒரே விஷயத்தைப் பேசினார். “உங்க சமையல்கட்டுத் தராசு பொய் சொல்லுது! ஒரு கிலோவுக்குத் தொள்ளாயிரம்தான் நிக்குது! இத்தனை வருஷமா எங்க வயித்துல அடிக்கறீங்க!” சொல்லிவிட்டுத் தண்டனைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தராசைச் சோதித்தார்கள். தொள்ளாயிரம்தான் நின்றது. கைதிகளின் பங்களிப்போடு குறைகளைக் களையும் முன்மாதிரிச் சிறை என்று கண்காணிப்பாளருக்கு ஒரு கேடயம் வந்தது. தராசுக்காரரின் ஃபைலில் ‘நேர்மை’ என்று சிவப்பு மையில் எழுதினார்கள். தராசை மட்டும் யாரும் மாற்றவில்லை.

மூன்றாவது நடந்தது அவர் திட்டமிட்டதல்ல. மறு விண்ணப்பத்துக்குப் புதுப் புகைப்படம் வேண்டும். அது கைதி உடையில் இருக்கக் கூடாது. அலுவலகத்தில் ஒரு வெள்ளைச் சட்டையும் பேண்ட்டும் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். படம் எடுத்ததும் ஃபைலைக் கையில் கொடுத்து, எதிர்க் கட்டடத்தில் சேர்க்கச் சொன்னார்கள். அவர் முற்றத்தைக் கடந்தபோது வாசல் காவலர் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டார். சட்டையும் ஃபைலும் இருந்தால் திறக்காத கதவு எது? திகைத்துப்போன தராசுக்காரர், சல்யூட்டுக்கு மரியாதையாகத் தலையசைத்துவிட்டு நடந்தார். நாலு எட்டு வைத்ததும்தான் தெருவில் நிற்பது உறைத்தது.

எதிரே பஸ் நிறுத்தம். பள்ளிக்கூடம் வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. மணி பன்னிரண்டு. ஏறினால் பன்னிரண்டரைக்கு மகளைப் பார்த்துவிடலாம், வலை இல்லாமல். ஏறினால் இரண்டு வருடம் ஏழு வருடமாகும் என்பதும் தெரியும். பஸ் போயிற்று. அடுத்த பஸ் வந்தது. கால் இரண்டும் துடித்தன. அந்த பஸ்ஸும் போனபிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார்.

அதற்குள் காவலர் மாறியிருந்தார்.

“யாரைப் பாக்கணும்?”

“நான் உள்ள இருக்கறவன்ங்க.”

“இப்படிச் சொல்லித்தான் எல்லாரும் நேரங்கெட்ட நேரத்துல நுழையப் பாக்கறீங்க. சீட்டு எழுதுங்க.”

வேறு வழியில்லை. பார்க்க வேண்டிய கைதி என்ற இடத்தில் தன் எண்ணையே எழுதினார். உறவுமுறை என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, ‘மிக நெருக்கம்’ என்று எழுதினார். பார்வையாளர் கூடத்தில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே போய்க் கூப்பிட்டுப் பார்த்த புது வார்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார்.

“கூப்ட்டா வர மாட்டேங்கறாரு. உங்க மேல ஏதோ கோபம் போலருக்கு. நாளைக்கு வாங்க.”

நல்லவேளையாகக் கடிபட்ட வார்டர் அந்தப் பக்கம் வந்தார். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போனார். இந்தத் தடவை கட்டாயம் நாலைந்து மதிப்பெண் குறையும் என்று இருவருக்குமே ஒரு நம்பிக்கை. ஆனால் கைதி வெளியே போனார் என்று எழுதினால், கதவைத் திறந்தது யார் என்றும் எழுத வேண்டும். அதனால், அவர் தன்னைத் தானே சந்திக்க விண்ணப்பித்ததாக மட்டும் ஆலோசகர் அம்மாவுக்குக் குறிப்புப் போனது. அம்மா அதைப் படித்துவிட்டு இமை நனைய எழுதினார்: ‘தன்னைத் தேடி வந்து, தனக்காகக் காத்திருந்து, தன்னைக் காணாமல் வருந்தியிருக்கிறார். திருந்துதலின் உச்சநிலை. பத்து.’

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது குழு மறுபடி கூடியது.

“மறுபடியும் பத்தா?” தலைவர் சலித்துக்கொண்டார். “பிடிவாதக்காரனா இருக்கியேய்யா! நாங்களும் எவ்வளவுதான் பொறுத்துப் போறது? அடுத்த வருஷம் பாக்கலாம்.”

அடுத்த வருடம். தராசுக்காரருக்குக் காது அடைத்தது. மச்சானின் பட்டறையில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். எதிர்வாசலில் மகள் வேறு யாரையோ பார்த்தபடி போவாள். பதினாறு நாள் தின்ற ஏமாற்றம் அத்தனையும் கைக்கு ஏறியது. மேஜைமேல் காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து ஓங்கிவிட்டார்.

“என்னை எதுக்குடா வெளிய விட மாட்டேங்கறீங்க! அழுதது தப்பா? ஒழுங்கா இருந்தது தப்பா?”

தலைவர் மேஜைக்கடியில் போனார். ஆலோசகர் அம்மா முதல்முறையாக “அப்புறம்?” என்று கேட்கவில்லை.

ஓங்கிய கை அப்படியே நின்றது. காது கேட்காத வியாபாரியின் முகம் அவர் கண்முன் வந்தது. கையை இறக்கினார். உள்ளங்கையில் குண்டை ஒருமுறை ஏந்திப் பார்த்தார். தொழில் புத்தி, விடவில்லை.

“நூத்தி அறுபது கிராம்,” என்று முணுமுணுத்துவிட்டு மேஜைமேல் வைத்தார். இனி பன்னிரண்டு வருடமானாலும் வெளியே போக முடியாது என்று நினைத்தார்.

மேஜைக்கடியிலிருந்து தலைவர் எழுந்தபோது அவர் முகம் பிரகாசித்தது.

“ஓங்கினப்ப எவ்வளவும்மா போடலாம்?”

“ரெண்டு, சார்.”

“கீழ வச்சப்ப?”

“தாராளமா எட்டு.”

“ஆறு மார்க்! ஒரே கூட்டத்துல! நம்ம கண்ணெதிர்ல!” தலைவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு தராசுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அன்னிக்கு அஞ்சு கிலோ, இன்னிக்கு நூத்தி அறுபது கிராம். அன்னிக்கு அடிச்ச, இன்னிக்கு வச்சுட்ட. இதுக்குப் பேர்தான்யா மறுவாழ்வு! நாங்க என்ன பாடுபட்டிருப்போம் இதுக்கு!”

அனுமதி அன்றே கையெழுத்தானது.

வெளியே போன முதல் நாள் காலையில் வார்டர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். குடும்பத்தார் மதிப்பீடு. மாதம் ஒன்று, முதல் மாதத்துக்கானது இன்றே. வீட்டுக்குப் போக அனுமதி கிடையாது. வீட்டார்தான் பட்டறைக்கு வந்து நிரப்ப வேண்டும். பெரியவர்கள் பொய் சொல்வார்கள், குழந்தை பொய் சொல்லாது என்பதால், வீட்டில் குழந்தை இருந்தால் அதுதான் நிரப்ப வேண்டும் என்று தலைவர் விதி செய்திருந்தார்.

“மாசா மாசம் மார்க் ஏறணும்,” என்றார் வார்டர். “எறங்கினாக்கூடப் பரவால்ல, புதுப் படிவம் போட்டு மொதல்லருந்து ஆரம்பிப்பாங்க. நின்னுடக் கூடாது. நின்னா அனுமதி ரத்து. இன்னிக்கே குழந்தை பத்து போட்டுச்சுன்னா, அடுத்த மாசத்தோட உங்க கதை முடிஞ்சுது.”

பன்னிரண்டரைக்கு மகள் சாலையைக் கடந்து ஓடி வந்தாள். வாசலில் ஒரு கணம் நின்று பார்த்தாள். பிறகு வந்து அவர் மடியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் கன்னத்தைத் தொட்டாள், காதை இழுத்தாள், கை ரோமத்தை எண்ணிப் பார்த்தாள். தராசுக்காரர் அழவில்லை, அழுதால் நேரம் வீணாகும் என்று பயந்தார். கொண்டுவந்த பழத்தை உரித்துக் கொடுத்தார். தின்றாள். அப்போதுதான் மேஜையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு எத்தனை மார்க்... இது எனக்கா?” என்று பேனாவை எடுத்து, அவர் தடுப்பதற்குள் பெரிதாக ஒன்று என்று போட்டுவிட்டாள். பக்கத்தில் பூஜ்யத்துக்குப் பேனா இறங்கியது. அவர் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் கண்ணு! அப்படியே விடு!”

“ஒண்ணுதான் போட்டிருக்கேன். பத்துப்பா!”

“ஒண்ணே போதும்.”

“பழம் உரிச்சுக் குடுத்தியே. ஒண்ணுன்னா ஃபெயில்ப்பா.”

அவர் பொறுமையாகச் சொன்னார். மாதம் ஒன்று ஏற்ற வேண்டும், பத்து வந்துவிட்டால் அதற்கு மேல் போக இடமில்லை, அப்போது மறுபடி கெட்டவனாகி ஒன்றிலிருந்து வர வேண்டும், இப்படியே இரண்டு வருடத்தை ஓட்டிவிடலாம் என்று சொன்னார். அவள் விரல்விட்டு எண்ணினாள். சுவரிலிருந்த காலண்டரைப் போய்ப் புரட்டினாள்.

“பதினோராவது மாசம் கெட்டவனாகணும். ஐயோ, அது என் பொறந்த நாள் மாசம்பா!”

“அப்ப முந்தின மாசமே ஆயிடறேன்.”

“அது பரீட்சை மாசம். சரி, அப்ப ஆயிக்கோ. எனக்கும் நேரம் இருக்காது.” திரும்பி வந்து உட்கார்ந்தாள். “நெசமாவே கெட்டவனாகக் கூடாது. எழுத்துல மட்டும்.”

“எழுத்துல மட்டும்தான்.”

மதிப்பெண்ணுக்குக் கீழே காரணம் என்று ஒரு கோடு இருந்தது. பேனாவைக் கடித்துக்கொண்டு அவள் வெகுநேரம் யோசித்தாள். பொய் எழுதக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம். அப்பாவிடம் கெட்டது என்ன இருக்கிறது என்று அவரையே ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குனிந்து, கையால் மறைத்துக்கொண்டு, ஒரு வரி எழுதி மடித்துக் கொடுத்தாள். பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓடிப்போனாள்.

அவர் பிரித்துப் படித்தார். ‘அஞ்சு வருஷமா அப்பா வீட்டுக்கே வரவில்லை.’ திருகாணியும் முள்ளும் கலங்கித் தெரிந்தன. அன்று மாலை வரை அவரால் ஒரு தராசைக்கூடச் சரிசெய்ய முடியவில்லை.

ஐந்து மணிக்குப் படிவத்தைத் தலைவரிடம் கொடுத்தார். மதிப்பெண்ணைப் பார்த்ததும் தலைவர் மேஜையைத் தட்டினார். “அருமை! ஒண்ணு! இதைவிட நல்ல தொடக்கம் கெடைக்காது!” பிறகு காரணத்தைப் படித்தார். முகம் மாறியது. கண்ணாடிக்கு மேலாகத் தராசுக்காரரை வெறித்துப் பார்த்தார்.

“என்னய்யா மனுஷன் நீ? பெத்த குழந்தை ஏங்கிப்போய் எழுதியிருக்கு. அஞ்சு வருஷமா வீட்டுப்பக்கம் எட்டிக்கூடப் பாக்காம அப்படி எங்கய்யா போயிருந்த?”